கல்மணியும் ஆராய்ச்சி மணியும்: குடியரசுத் தலைவர் மாளிகையின் வரலாறும் குறியீடும்

கோவும் இல்லும்

'கோயில்' என்னும் சொல் இன்று இறைவன் உறையும் இடத்தையே குறிக்கிறது. பழந்தமிழில் அது கோவினது இல், அதாவது அரசன் வாழும் மனை என்னும் பொருளிலும் வழங்கியது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி நீதி கேட்டு நிற்பது பாண்டியன் கோயில் வாயிலில்தான். 'அரண்மனை' என்னும் சொல்லோ அரணையும் மனையையும் ஒருங்கே சுட்டுகிறது. முன்னது வணக்கத்தையும் பின்னது காவலையும் நினைவூட்டுகின்றன. ஆள்வோர் இல்லம் என்பது வெறும் குடியிருப்பன்று. ஆளப்படுவோரிடம் ஓயாது ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும் குறியீடு என்பதை இவ்விரு சொற்களே உணர்த்திவிடுகின்றன.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை பாண்டியன் அரண்மனையை விரிவாகப் புனைந்துரைக்கிறது. கட்டடக் கலை வல்லார் நண்பகல் நிழலைக் கொண்டு திசையறிந்து, நூல் பிடித்து மனை வகுத்ததையும், வெற்றிக் கொடி ஏந்திய யானை தாழாமல் நுழையத்தக்க வாயிலின் உயரத்தையும் நக்கீரர் நுட்பமாகக் காட்டுகிறார். ஆனால் பாட்டின் இறுதியில் அரசன் அந்த அரண்மனையில் இல்லை. வாடை வீசும் நள்ளிரவில், பாசறையில், புண்பட்ட வீரரைத் தேடிச் சென்று ஆறுதல் கூறிக்கொண்டிருக்கிறான். மாளிகையின் பெருமையை முழுதும் பேசிவிட்டு, அரசனின் பெருமையை மாளிகைக்கு வெளியே வைத்துக் காட்டும் இம்முறை எண்ணத்தக்கது.

தமிழ் மரபு அரண்மனைக்கு மற்றோர் உறுப்பையும் தந்துள்ளது. அது வாயிலில் தொங்கும் ஆராய்ச்சி மணி. கன்றை இழந்த பசு மணியசைத்து முறையிட, மகனையே தேர்க்காலில் இட்ட சோழன் கதை சிலப்பதிகாரத்திலும் பெரியபுராணத்திலும் பேசப்படுகிறது. இலங்கையின் மகாவம்சமும், தமிழ் மன்னன் எல்லாளனின் படுக்கைக்கு மேல் நீண்ட கயிற்றோடு கூடிய மணி ஒன்று இருந்ததென்றும், முறைவேண்டி வந்தோர் அதனை அசைத்தனர் என்றும் கூறுகிறது. மாற்றார் எழுதிய நூலிலும் அந்த மணியின் ஓசை கேட்பது அதன் வலிமைக்குச் சான்று.

இப்பின்னணியில் நோக்கும்போது, தில்லியில் உள்ள குடியரசுத் தலைவர் மாளிகை மிகுந்த பொருள் பொதிந்த ஒரு கட்டடமாகத் தோன்றுகிறது. அந்நியர் ஆட்சிக்கென எழுப்பப்பட்ட அது இன்று குடியரசின் தலைமை இல்லமாக உள்ளது. செம்பாக்கம், தாம்பரம் வட்டாரத்தில் வாழ்வோர்க்கு அது ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மாளிகைதான். ஆயினும் உறவற்ற மாளிகையன்று. பின்னாளில் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற இராதாகிருஷ்ணனும், குரோம்பேட்டைச் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற அப்துல் கலாமும் அங்கு வீற்றிருந்தனர். அவர்களுக்கெல்லாம் முன்னர் அங்குக் குடியேறிய முதல் இந்திய ஆட்சித் தலைவர் ஒரு தமிழர். அம்மாளிகை பிறந்த கதையையும், அதன் பொருள் மாறிய கதையையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

மேட்டின் மேல் எழுந்த மாளிகை

1911ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் தில்லியில் நடைபெற்ற முடிசூட்டு தர்பாரில், இந்தியாவின் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியால் கல்கத்தா ஆங்கிலேயர்க்கு அமைதியற்ற இடமாகியிருந்தது. தில்லியோ பல அரச மரபுகள் இருந்தாண்ட ஊர். அவ்வூரில் அமர்வதன் மூலம் தாமும் அம்மரபுகளின் வாரிசு எனக் காட்டிக்கொள்ள ஆங்கில அரசு விரும்பியது.

மாளிகைக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது இரைசினா மேடு. 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின்கீழ் இரைசினா, மால்ச்சா ஆகிய சிற்றூர்களின் நிலங்கள் பெறப்பட்டன. சுமார் 300 குடும்பங்கள் அங்கிருந்து அகற்றப்பட்டன. ஆக, இம்மாளிகையின் வரலாறு கட்டடக் கலைஞரின் வரைபடத்தோடு தொடங்கவில்லை. உழுத நிலத்தை விட்டுப் பெயர்ந்த உழவர் குடும்பங்களோடு தொடங்குகிறது.

மாளிகையை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். அதன் முன்னே இருபுறமும் நிற்கும் தலைமைச் செயலகக் கட்டடங்களை வடிவமைத்தவர் ஹெர்பர்ட் பேக்கர். நான்காண்டுகளில் முடியுமென எண்ணிய பணி பதினேழு ஆண்டுகள் நீண்டது. முதல் உலகப்போர் இடையே குறுக்கிட்டது. நான்கு இலட்சம் பவுன் எனக் கணக்கிட்ட செலவு 8,77,136 பவுன் ஆயிற்று. அன்றைய மதிப்பில் அது சுமார் ஒரு கோடியே 28 இலட்சம் ரூபாய். ஏறத்தாழ 70 கோடிச் செங்கற்களும் 30 இலட்சம் கன அடிக் கல்லும் பயன்பட்டன. 330 ஏக்கர் வளாகத்தில் 340 அறைகளோடு மாளிகை எழுந்தது. கல் சுமந்தோரும் கல் செதுக்கினோரும் இந்தியர். செலவும் இந்தியர் கட்டிய வரிப்பணமே.

கல்லில் எழுதிய அதிகாரம்

லட்யன்ஸுக்கு இந்தியக் கட்டடக் கலைமேல் மதிப்பில்லை. ஆனால் இந்திய மக்கள் ஏற்கத்தக்க தோற்றம் வேண்டுமென அன்றைய அரசப் பிரதிநிதி ஹார்டிங் வற்புறுத்தினார். இதன் விளைவாகக் கிரேக்க, உரோமானியத் தூண் வரிசைகளோடு இந்தியக் கூறுகளும் இணைந்தன. சாளரங்களுக்கு நிழல் தரும் கல் இறவாரங்கள், கூரைமேல் சிறு குடை மண்டபங்கள், கல்லில் துளையிட்ட பலகணிகள், யானைச் சிற்பங்கள் ஆகியன இடம்பெற்றன. நடுவே எழும் பெருங்குவிமாடம் சாஞ்சித் தூபியை நினைவூட்டுகிறது. அதன் கழுத்தைச் சுற்றியுள்ள கல் வேலியும் சாஞ்சியிலிருந்து பெற்றதே. துறவின் சின்னமான தூபி பேரரசின் மணிமுடியாயிற்று. முன்றிலில் 145 அடி உயரத்தில் நிற்கும் ஜெய்ப்பூர்த் தூண் ஒரு சிற்றரசர் பேரரசுக்கு அளித்த காணிக்கை. அதனுச்சியில் தாமரையும் விண்மீனும் உள்ளன.

இக்கட்டடத்தில் குறியீட்டு நோக்கில் தனிச்சிறப்புடையது லட்யன்ஸ் புதிதாக வகுத்த தூண் வடிவம். 'தில்லி வகை' எனப்படும் அத்தூண்களின் தலைப்பகுதியில், மூலைகளில் கல்லால் ஆன மணிகள் தொங்குகின்றன. மணியோசை எழுந்தால் ஓர் அரச மரபு முடியப்போகிறது என்பது ஒரு பழைய நம்பிக்கை. கல்மணி ஒலிக்காது, ஆகவே இம்மாளிகையிலிருந்து ஆள்வோரின் ஆட்சியும் முடியாது என்பது இவ்வமைப்புக்குக் கூறப்படும் விளக்கம்.

ஆராய்ச்சி மணியை அறிந்த தமிழ் மனம் இவ்விடத்தில் சற்று நின்றே செல்லும். திருவாரூர் மணி ஒலிப்பதற்கென்றே கட்டப்பட்டது. எவரும், ஏன் ஒரு பசுவும்கூட, அதனை அசைக்கலாம். தில்லி மணி ஒலியாமைக்கென்றே செதுக்கப்பட்டது. அதனை எவராலும் அசைக்க முடியாது. ஆட்சி எதைக் கேட்க அஞ்சியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மாளிகையின் தோற்றத்தில் ஒரு குறையும் நேர்ந்தது. செயலகக் கட்டடங்களும் மேட்டின்மீதே எழுந்ததால் மாளிகை பின்னே தள்ளப்பட்டது. கீழிருந்து சாய்வுப் பாதையில் ஏறி வருவோர் கண்ணுக்கு ஒரு கட்டத்தில் மாளிகை மறைந்து குவிமாடத்தின் உச்சி மட்டுமே தெரிகிறது. இச்சாய்வு குறித்து லட்யன்ஸுக்கும் பேக்கருக்கும் எழுந்த பூசல் அவர்கள் நட்பையே முறித்தது. எங்கிருந்து நோக்கினும் தெரிய வேண்டுமெனக் கட்டப்பட்ட அதிகாரம், நெருங்கி வரும் மனிதனுக்குத் தெரியாமற்போவது கலைஞர்கள் எண்ணியிராத மற்றொரு குறியீடு.

படியேறிய துறவிக் கோலம்

1929ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் இர்வின் பிரபு இம்மாளிகையில் குடியேறினார். அன்று காலை அவர் வந்த இரயில் தில்லியை நெருங்குகையில் தண்டவாளத்தில் குண்டு வெடித்தது. அவர் உயிர் தப்பினார். அன்றே காந்தியடிகளும் மோதிலால் நேருவும் ஜின்னாவும் பிறரும் அவரைச் சந்தித்துப் பேசினர். பேச்சு முறிந்தது. முழு விடுதலையே குறிக்கோள் என அடுத்த சில நாள்களில் இலாகூர்க் காங்கிரஸ் முடிவு செய்தது. மாளிகையின் முதல் நாளே அதன் இறுதி நாளை முன்னறிவித்தது எனலாம்.

1931 பிப்ரவரியில் புதுதில்லி நகரின் திறப்பு விழா கோலாகலமாக நடந்தது. விழா முடிந்த சில நாள்களில், பிப்ரவரி 17ஆம் நாள், உப்பு அறப்போரில் சிறைசென்று மீண்ட காந்தியடிகள் இர்வினோடு பேச மாளிகைக்கு வந்தார். இடையில் முழத்துண்டும் மேலே போர்வையுமாக அவர் படியேறினார். அரை நிர்வாணப் பக்கிரி ஒருவர் மன்னரின் பிரதிநிதியோடு சரிநிகராகப் பேச மாளிகைப் படியேறுவது அருவருப்பூட்டுகிறது எனச் சர்ச்சில் இங்கிலாந்தில் சினந்து பேசினார். அச்சினத்தில் ஓர் உண்மை இருந்தது. குடிமக்கள் அண்ணாந்து நோக்கி அஞ்சுவதற்கெனக் கட்டப்பட்ட படிகள் அவை. அப்படிகளில் ஒருவர் அஞ்சாது ஏறிவிட்டார் என்றால் கட்டடம் தன் தொழிலில் தோற்றுவிட்டது என்று பொருள். மார்ச் 5ஆம் நாள் காந்தி – இர்வின் உடன்பாடு கையெழுத்தாயிற்று.

கட்டி முடிக்கப் பதினேழு ஆண்டுகள் ஆன மாளிகையில் ஆங்கிலேயர் இருந்து ஆண்டது பதினெட்டு ஆண்டுகளுக்கும் குறைவே. கல்மணிகள் ஒலிக்கவில்லை. எனினும் ஆட்சி முடிந்தது.

மருத்துவமனையா, மாளிகையா?

விடுதலை நெருங்கியபோது காந்தியடிகள் ஒரு கருத்தை முன்வைத்தார். இப்பெருமாளிகையை மருத்துவமனையாக்கிவிட்டு, ஆட்சித் தலைவர் சிறியதோர் இல்லத்தில் வாழவேண்டும் என்பதே அது. மவுண்ட்பேட்டன் அதற்கு இசைவாகவே இருந்தார். ஆனால் நாட்டுப் பிரிவினையின் கொந்தளிப்பில் மாற்று இல்லம் தேடும் நிலையில் நேருவின் அரசு இல்லை. எண்ணம் ஒத்திவைக்கப்பட்டது, பின்னர் எவரும் அதனை எடுக்கவுமில்லை.

காந்தியடிகளின் வினா எளிமை பற்றியது மட்டுமன்று. அந்நியன் விட்டுச்சென்ற இல்லத்தில் குடியேறினால் அவனுடைய ஆட்சி முறையும் உடன் தங்கிவிடுமோ என்பதே அதன் உட்பொருள். மறுபக்கத்திலும் நியாயம் உண்டு. இக்கல்லும் மண்ணும் உழைப்பும் இந்தியருடையவை. தமக்குரியதைத் தாமே துறப்பது ஏன்? மேலும் புதிய அரசு பழைய தலைநகரிலிருந்தே இயங்க வேண்டியிருந்தது. இரண்டு நியாயங்களுக்கும் இடையே விடை காணும் பொறுப்பு அங்குக் குடியேறியவரிடமே வந்து சேர்ந்தது.

சிறிய அறையைத் தேர்ந்தவர்

1948ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் கவர்னர் ஜெனரலாகப் பொறுப்பேற்றார். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வழக்கறிஞராக விளங்கி, திருச்செங்கோட்டை அடுத்து ஆசிரமம் அமைத்து, 1930இல் வேதாரணியம் உப்பு அறப்போருக்குத் தலைமை தாங்கியவர் அவர். அவருடைய கொள்கைகளோடு உடன்படாதோர் தமிழகத்தில் பலர். 1937இல் முதலமைச்சராகி அவர் புகுத்திய கட்டாய இந்தியும், 1953இல் கொணர்ந்த கல்வித் திட்டமும் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. அவ்வெதிர்ப்புகளின் நியாயத்தை ஏற்போரும், இம்மாளிகையில் அவர் வாழ்ந்த முறையைத் தனியே வைத்து மதிப்பிடலாம்.

அரசப் பிரதிநிதிகள் பயன்படுத்திய பெரும் படுக்கையறையும் அதனைச் சார்ந்த கூடங்களும் தமக்கு ஏற்றவையல்ல எனக் கருதிய இராஜாஜி, விருந்தினர்க்கென இருந்த பகுதியின் சிறிய அறைகளுக்கு மாறினார். பழைய அரசப் பிரதிநிதியின் அறைகள் அயல்நாட்டுத் தலைவர்கள் வந்து தங்கும் விருந்தினர் பகுதியாயின. பின்வந்த குடியரசுத் தலைவர்களும் இராஜாஜி தேர்ந்த பகுதியிலேயே வாழ்ந்து வருகின்றனர். தலைவர் விருந்தினர் அறைகளில் தங்க, விருந்தினர் தலைவர் அறைகளில் தங்கும் இம்மாற்றத்துக்கு ஒரு செங்கல்லையும் பெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் மாளிகையின் பொருள் புரண்டுவிட்டது. தலைமை ஏற்றவர் அம்மாளிகையின் உரிமையாளர் அல்லர். குறித்த காலம் தங்கிச் செல்லும் விருந்தினரே என்பது அதன் விளக்கம்.

நாட்டில் உணவுத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. வளாகத்தின் நிலத்தில் ஒரு பகுதியை உழுது கோதுமை விளைவிக்க இராஜாஜி ஏற்பாடு செய்தார். உழவர் குடும்பங்களை அகற்றிப் பெற்ற நிலத்தில் மீண்டும் ஏர் நடந்தது.

மற்றொரு நிகழ்ச்சியும் அவர் காலத்ததே. 1947–48இல் இலண்டனில் நடந்த இந்தியக் கலைக் கண்காட்சிக்குச் சென்ற சிற்பங்களும் ஓவியங்களும் நாடு திரும்பியபின் இம்மாளிகையிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு தேசிய அருங்காட்சியகம் 1949 ஆகஸ்டு 15ஆம் நாள் இங்கு இராஜாஜியால் தொடங்கி வைக்கப்பட்டது. 1960இல் அது தனிக் கட்டடத்துக்குச் சென்றது. அரசப் பிரதிநிதியின் அரியணை இருந்த தர்பார் மண்டபத்தில் குப்தர் காலப் புத்தர் சிலை இன்றும் நிற்கிறது. அரியணைக்கு உரிய இடத்தில் அரியணையைத் துறந்தவரின் உருவம் நிற்பது பொருத்தமே.

1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் அதே மண்டபத்தில் குடியரசு பிறந்தது. அதற்குரிய அறிக்கையை இராஜாஜி படிக்க, இராஜேந்திர பிரசாத் முதல் குடியரசுத் தலைவராக உறுதிமொழி ஏற்றார். இராஜாஜி அமைச்சராகவும் பின்னர் சென்னை மாகாண முதலமைச்சராகவும் பணியாற்றி, தியாகராய நகர் பசுல்லா சாலையில் உள்ள வீட்டில் வாழ்ந்தார். மிகப்பெரிய மாளிகையில் இருந்தவர் சாதாரணத் தெருவுக்குத் திரும்பியதும் குடியரசு கற்பித்த பாடங்களுள் ஒன்று.

பின்வந்தோர்

திருத்தணியில் பிறந்த தத்துவப் பேராசிரியர் இராதாகிருஷ்ணன் 1962 முதல் 1967 வரையும், 1942 போராட்டத்தில் சிறைப்பட்ட இராஜாமடம் வெங்கட்ராமன் 1987 முதல் 1992 வரையும் இம்மாளிகையில் தலைமை ஏற்றனர். 1997இல் கே.ஆர். நாராயணன் பொறுப்பேற்றபோது, ஒடுக்கப்பட்ட சமுதாயத்தில் பிறந்த ஒருவர் முதன்முறையாக அங்கு வீற்றிருந்தார். 2022இல் சந்தால் பழங்குடியைச் சேர்ந்த திரௌபதி முர்மு பொறுப்பேற்றார். மாளிகைக்காக ஊரை இழந்தோர் போன்ற எளிய குடிகளின் வழிவந்தோர் அம்மாளிகைக்கே தலைவராவது, எழுபத்தைந்து ஆண்டுக் குடியரசின் பெரும்பேறு.

2002 முதல் 2007 வரை அங்கிருந்த அப்துல் கலாம் வளாகத்தில் மூலிகைத் தோட்டம் அமைத்தார். பார்வையற்றோர் தொட்டும் முகர்ந்தும் அறியத்தக்க தோட்டமும் அவர் காலத்ததே. கண்ணால் கண்டு வியப்பதற்கெனவே படைக்கப்பட்ட மாளிகையில், காண இயலாதோர்க்கும் ஓர் இடம் பிறந்தது. 2006இல் இராமேசுவரத்திலிருந்து வந்த உறவினர் சில நாள் தங்கியபோது அவர்களுக்கான செலவு முழுவதையும், சுமார் மூன்றரை இலட்சம் ரூபாய், தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்தினார் என அவருடைய செயலர் பி.எம். நாயர் பதிவு செய்துள்ளார். இராஜாஜி கண்ட 'விருந்தினர்' கொள்கையின் தொடர்ச்சியாக இதனைக் கொள்ளலாம்.

மணி ஒலித்ததா?

எளிய வாழ்வு போற்றத்தக்கதே. ஆயினும் மாளிகையை அளக்கும் இறுதி அளவுகோல் அதுவன்று. முறையிடுவோர் குரல் உள்ளே கேட்கிறதா என்பதே தமிழ் மரபு தரும் அளவுகோல். அவ்வகையில் வரலாறு ஒருபடித்தாக இல்லை.

1975ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, நெருக்கடிநிலை அறிவிப்பில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். அமைச்சரவைகூடக் கூடி முடிவெடுக்காத நிலையில் அக்கையெழுத்து இடப்பட்டது. கோடிக்கணக்கான மக்களின் உரிமைகள் ஓர் இரவில் முடங்கின. தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள் 1976 ஜனவரி 31ஆம் நாளும் 1991 ஜனவரி 30ஆம் நாளும் கலைக்கப்பட்டன. இரண்டாம் முறை ஆளுநரின் அறிக்கை இன்றியே ஆணை பிறந்தது. ஆணையிட்ட குடியரசுத் தலைவர் தமிழர். மாளிகையில் இருப்பவர் எந்த மண்ணினர் என்பது மட்டுமே மணியை ஒலிக்கச் செய்துவிடாது என்பதற்கு இது சான்று. 1994இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே இவ்வகைக் கலைப்புகளுக்குக் கடிவாளம் இட்டது.

குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படி நடக்க வேண்டியவர் என்பது அரசியல் சட்ட நெறி. 1976இல் நிறைவேறிய 42ஆம் திருத்தம் இதனை வெளிப்படையாக எழுதியது. 1978இன் 44ஆம் திருத்தம், அறிவுரையை ஒருமுறை மறு ஆய்வுக்குத் திருப்பி அனுப்பும் உரிமையை அவர்க்குத் தந்தது. அச்சிறு உரிமைக்குள்ளும் பேச முடியும் என்பதைச் சிலர் காட்டினர். உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கும் பரிந்துரையை 1997இலும் பீகார் அரசைக் கலைக்கும் பரிந்துரையை 1998இலும் நாராயணன் திருப்பி அனுப்பினார். ஆதாயம் தரும் பதவி குறித்த மசோதாவை 2006இல் கலாம் திருப்பி அனுப்பினார்.

அரசியல் சட்டத்தின் 72ஆம் பிரிவு அளிக்கும் மன்னிப்பு அதிகாரம் ஆராய்ச்சி மணிக்கு மிகவும் நெருங்கியது. எல்லா நீதிமன்றங்களும் கைவிட்டபின் ஒரு குடிமகன் அசைக்கக்கூடிய கடைசிக் கயிறு அது. முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற மூவரின் கருணை மனுக்கள் பதினோராண்டுகள் விடையின்றிக் கிடந்து, 2011இல் மறுக்கப்பட்டன. இக்காலத் தாழ்வையே காரணமாகக் காட்டி 2014 பிப்ரவரி 18ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவர்கள் தண்டனையை வாழ்நாள் சிறையாகக் குறைத்தது. குற்றத்தின் கொடுமை பற்றியும் தண்டனையின் நியாயம் பற்றியும் கருத்து வேறுபடலாம். ஆனால் மணியடித்தவனுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ விடை சொல்வது அரசின் கடன் என்பதில் வேறுபாட்டுக்கு இடமில்லை.

சென்னை தரும் துணைச்சான்று

ஆள்வோர் இல்லம் மக்கள் இடமாக மாறுவதற்கு வேறு வழிகளும் உண்டு என்பதைச் சென்னை காட்டுகிறது. அண்ணா சாலையை அடுத்த அரசினர் தோட்டத்தில் ஆங்கில ஆளுநர் மாளிகை இருந்தது. அதன் அருகே 1802இல் கோல்டிங்காம் வடிவமைத்த விருந்து மண்டபம், திப்பு சுல்தானை வென்ற சீரங்கப்பட்டினப் போர் முதலிய ஆங்கில வெற்றிகளின் நினைவாக எழுந்தது. இராஜாஜி கவர்னர் ஜெனரலான 1948இல் அது இராஜாஜி மண்டபம் எனப் பெயர் பெற்றது. 1969இல் அண்ணாவின் உடல் அங்குதான் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. இராஜாஜி, காமராசர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர் ஆகியோர்க்கும் தமிழகம் அங்கேயே விடைகொடுத்தது. வெற்றி விருந்துக்கென எழுந்த படிகள் இலட்சக்கணக்கானோர் கண்ணீரோடு ஏறிய படிகளாயின. ஆணையிட்டு இம்மாற்றத்தைச் செய்தவர் எவருமிலர். மக்களின் கால்களே செய்தன.

அங்கிருந்த பழைய ஆளுநர் மாளிகை இடிக்கப்பட்டு, அவ்வளாகத்தில் புதிய சட்டமன்ற, தலைமைச் செயலகக் கட்டடம் எழுந்து 2010இல் திறக்கப்பட்டது. ஆட்சி மாற்றத்துக்குப்பின், 2014இல் அக்கட்டடம் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாயிற்று. அம்முடிவின் பின்னிருந்த அரசியல் பற்றி விவாதங்கள் பல நடந்தன. ஆயினும் தில்லியில் காந்தியடிகள் விரும்பி நடவாது போனது, எவரும் திட்டமிடாத வழியில், சென்னையில் ஆளுநர் வாழ்ந்த மண்ணில் நடந்தேறியது.

ஆளுநரின் கிண்டி மாளிகையும் இவ்வகையில் கருதத்தக்கது. தாம்பரத்திலிருந்து நகருக்குள் செல்வோர் நாள்தோறும் கடந்து செல்லும் அப்பசுமைப் பரப்பு ஒருகாலத்தில் முழுவதும் ஆளுநரின் தோட்டமும் காடுமாக இருந்தது. அதிலிருந்தே இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கும், காந்தி மண்டபத்துக்கும், சிறுவர் பூங்காவுக்கும், தேசியப் பூங்காவுக்கும் நிலம் பிரிந்தது. வேலி உட்புறம் சுருங்கச் சுருங்க மக்கள் இடம் பெருகிற்று.

பெயரும் பொருளும்

அண்மைக் காலத்தில் தில்லியில் பெயர் மாற்றங்கள் பல நிகழ்ந்துள்ளன. 'மேதகு' எனப் பொருள்படும் ஆங்கில அடைமொழியைக் கைவிடுமாறு 2012இல் பிரணாப் முகர்ஜி பணித்தார். மாளிகைக்கு இட்டுச்செல்லும் இராஜபாதை 2022இல் கடமைப் பாதையாயிற்று. மாளிகையின் முகலாயத் தோட்டம் 2023இல் அமுதத் தோட்டம் எனப் பெயர் பெற்றது. தர்பார் மண்டபம் 2024இல் குடியரசு மண்டபம் எனப் பொருள்படும் 'கணதந்திர மண்டபம்' ஆயிற்று. இவற்றுள் சில வரவேற்பையும் சில கண்டனத்தையும் பெற்றன. பெயர் ஒரு வாக்குறுதி என்ற அளவில் மதிக்கத்தக்கது. வாக்குறுதி நிறைவேறியதற்கு அது சான்றாகாது.

அண்டை நாடு இதனை உணர்த்திற்று. ஆங்கில ஆளுநர்கள் வாழ்ந்த கொழும்பு மாளிகை, இலங்கை குடியரசானபின் சனாதிபதி மாளிகை எனப் பெயர் பெற்றிருந்தது. 2022 ஜூலை 9ஆம் நாள் எரிபொருளும் உணவும் இன்றித் தவித்த மக்கள் அதனுள் திரண்டு நுழைந்தனர். சனாதிபதி முன்னரே வெளியேறியிருந்தார். மணியை அசைத்து விடை பெறாதவர்கள் இறுதியில் கதவையே அசைத்தனர். பெயரளவில் மக்களுக்குரிய மாளிகை, சில நாள்கள் உண்மையிலேயே அவர்கள் கையில் இருந்தது.

நிறைவாக

இரைசினா மேட்டு மாளிகையின் கல்மணிகள் இன்றும் அதே தூண்களில் அசையாமல் தொங்குகின்றன. அவற்றைச் செதுக்கச் சொன்ன பேரரசு மறைந்தது. சிறிய அறையைத் தேர்ந்த இராஜாஜியும், உறவினர் உணவுக்கு விலை கொடுத்த கலாமும் அம்மாளிகையில் எப்படி வாழ வேண்டும் எனக் காட்டினர். ஏற்க இயலாத பரிந்துரையைத் திருப்பி அனுப்பிய நாராயணன் அங்கிருந்து எப்படிப் பேச வேண்டும் எனக் காட்டினார். நள்ளிரவுக் கையெழுத்தும் பதினோராண்டு மௌனமும் அங்கு என்ன நேரக்கூடாது என்பதைக் காட்டின.

அந்நியன் கட்டிய இல்லம் ஒருமுறை கைமாறியதனாலேயே குடியரசின் இல்லமாகிவிடுவதில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொரு புதிய தலைவரோடும், அது மீண்டும் குடியரசின் இல்லமாக வேண்டியுள்ளது. காந்தியடிகளின் வினா அதனால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்கு விடை மாளிகையின் பரப்பில் இல்லை. வாயிலில் வந்து நிற்கும் எளிய மனிதன் கயிற்றை அசைக்கும்போது உள்ளே ஓசை கேட்கிறதா என்பதில் இருக்கிறது.